குமாஸ்தாவின் பக்கம்: அபராதம் கட்டினால் தீர்ந்ததா?



ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்வுச் சான்றைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்த அன்பர் ஒருவர் சங்கத்து நூலக வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, "எப்போதும் ரிட்டயர் ஆனவர்களுக்கே எழுதுகிறீரே, வேலைக்குப் போகப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுமில்லையா?" என்று கேட்டார். சொல்ல இருக்கிறது. ஆறேழு ஆண்டுகளாக அதைச் சொல்லாமலே தள்ளிப் போட்டு வந்திருக்கிறேன். அதில் என்னுடைய பிழையும் கலந்திருப்பதுதான் காரணம்.

விஷயம் இது. சர்க்கார் உத்தியோகத்துக்குத் தேர்வான பிள்ளை ஒருவன், முன்னொரு காலத்தில் கஞ்சாவையோ வேறு போதைப் பொருளையோ தொட்டிருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதன் பொருட்டுப் போலீஸ் வழக்கு ஒன்றும் ஏற்பட்டுவிட்டது. வேலையில் அமருமுன் நடக்கும் நன்னடத்தை விசாரணையில் அது எவ்வளவு தூரம் குறுக்கே நிற்கும்? நம் வீடுகளில் இந்தப் பேச்சை எடுத்தாலே கதவைச் சாத்திவிடுவார்கள். "நம்ம வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது" என்பார்கள். நான் பத்தாவது தேறி ரயில்வேயில் சேர்ந்தவன். பாரங்களைப் பார்ப்பதே என் பிழைப்பு. அவற்றில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முதலில் அந்தப் பாரத்தைப் பார்ப்போம். மத்திய சர்க்கார் வேலைக்குத் தேர்வானவரிடம் அட்டெஸ்டேஷன் பாரம் என்ற ஒன்றைக் கொடுத்து நிரப்பித் தரச் சொல்வார்கள். அதன் தலைப்பிலேயே எச்சரிக்கை இருக்கும்: பொய்த் தகவல் தருவதும் உள்ளதை மறைப்பதும் தகுதிக் குறைவாகும், அப்படிச் செய்தவர் சர்க்கார் வேலைக்கு லாயக்கற்றவராகக் கருதப்படலாம் என்று. அதன் கீழே பெயர், தகப்பனார் பெயர், சொந்த ஊர், படித்த இடங்கள், கடந்த 5 ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல் தங்கியிருந்த ஒவ்வோர் இடத்தின் விலாசம். பிறகு வரிசையாகக் கேள்விகள் வரும். நீர் எப்போதேனும் கைது செய்யப்பட்டதுண்டா? உம்மீது வழக்குத் தொடரப்பட்டதுண்டா? காவலில் வைக்கப்பட்டதுண்டா? கோர்ட்டார் அபராதம் விதித்ததுண்டா? குற்றவாளி என்று தீர்ப்பானதுண்டா? பரீட்சை எழுதக் கூடாதென்று தடை செய்யப்பட்டதுண்டா? இதை நிரப்பும் நாளில் ஏதேனும் வழக்கு நிலுவையில் உண்டா? ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.

'நீ கஞ்சா புகைத்ததுண்டா' என்ற கேள்வி இதில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நம் சர்க்காரின் இந்தப் பாரம் கேட்பது வழக்கை. பழக்கத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை. இந்த வேற்றுமைக்குப் பின்னர் வருகிறேன்.

விலாசம் எழுதும் கட்டம் இருக்கிறதே, அது நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கென்றே வைத்ததோ என்று எனக்குத் தோன்றும். பிள்ளை பிறந்தது நாக்பூரில், அஜ்னி ரயில்வே குடியிருப்பில். பிளஸ் டூ வரை இங்கே. கல்லூரிக்குத் தமிழ்நாடு. போட்டிப் பரீட்சைக்குத் தயார் செய்ய ஓராண்டு ஹைதராபாத்தோ டில்லியோ. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். இத்தனை ஜில்லாவுக்கும் விசாரணைக் கடிதம் போகும். கிராமத்தில் போலீஸ்காரர் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு நிற்பார். பக்கத்து வீட்டு ஆச்சி, "அவுக நாக்பூர் போயி முப்பது வருசமாச்சே" என்பாள். 'மேற்படி நபர் இவ்விலாசத்தில் இல்லை' என்று அறிக்கை திரும்பும். தகப்பனார் பெயரை இனிஷியலாகப் போடுவதா, குடும்பப் பெயராகப் போடுவதா என்ற குழப்பத்தில் காகிதம் இன்னும் இரண்டு மாதம் அலையும். இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான், 'அந்த ஊரில் நடந்தது இந்த ஊருக்கு எப்படித் தெரியும்?' என்ற தைரியம் நம்மவர்களுக்கு வருகிறது. அது பழைய காலத்துத் தைரியம். சி.சி.டி.என்.எஸ். என்னும் கணினி வலைக்கு மத்திய சர்க்கார் 2009-இல் ஒப்புதல் தந்தது. அது இன்று நாடெங்கும் போலீஸ் நிலையங்களை ஒன்றோடொன்று இணைத்திருக்கிறது. கோயம்புத்தூரில் பதிவான எப்.ஐ.ஆர். நாக்பூரில் இருந்தபடியே கண்ணுக்குத் தெரியும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். யாருடைய பெயரும் வேண்டாம்.

2018-ஆம் ஆண்டு. எங்கள் வரிசையில் மூன்றாம் வீட்டில் அண்ணாச்சி ஒருவர் இருந்தார்; ஷெட்டில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மகன் ஒரு மத்திய ஸ்தாபனத்துக்குத் தேர்வாகியிருந்தான். பாரத்தை எடுத்துக்கொண்டு தகப்பனும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னிடம் வந்தார்கள். பையன் தன் கைப்பட எழுதிக்கொண்டு வந்தான். நான் கட்டம் கட்டமாக வாசித்துச் சொன்னேன். 'கோர்ட்டார் அபராதம் விதித்ததுண்டா' என்ற இடத்தில் அவன் பேனா நின்றுவிட்டது. தகப்பனார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் நடந்தது. விடுதிக்கு அருகே ஒரு தேநீர்க் கடையின் பின்புறம் மூன்று பேரைக் கஞ்சாப் புகையோடு போலீசார் பிடித்தார்கள். இரவு நிலையத்தில் இருந்துவிட்டு, மறுநாள் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்தார்கள். "கட்டிவிட்டால் தீர்ந்தது, வீட்டுக்குக்கூடத் தெரியவேண்டாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஓராண்டு கழித்துத்தான் அண்ணாச்சிக்குத் தெரிந்தது. பையன் அதன்பின் அதைத் தொடவில்லை. அவனை அன்றாடம் பார்த்தவன் நான். அதற்கு நானே சாட்சி.

"தம்பி, நீங்க ஆபீஸிலே இருக்கிறவர். என்ன எழுதட்டும்?" என்று அண்ணாச்சி கேட்டார்.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். சின்ன விஷயம், வெளியூர் விஷயம், அபராதத்தோடு முடிந்த விஷயம் என்று எனக்குத் தோன்றியது. "இல்லை என்று எழுது" என்றேன். பையன், "அண்ணே, நிச்சயமாகவா?" என்று ஒருமுறை கேட்டான். நிச்சயமாக என்றேன். குற்றவாளி எனத் தீர்ப்பானதுண்டா என்ற அடுத்த கட்டத்துக்கும் அதையே எழுதினான்.

பயிற்சியின் ஏழாம் மாதத்தில் உத்தரவு வந்தது. அதை நான் என் கையில் வாங்கிப் படித்தேன். கஞ்சா என்ற சொல்லே அதில் இல்லை. உண்மையை மறைத்தமைக்காக நியமனம் ரத்து செய்யப்படுகிறது என்று மட்டும் இருந்தது. அடுத்த இரண்டு தீபாவளிக்கு அந்த வீட்டு அக்கா எங்களுக்குப் பலகாரம் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்தான் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகே நான் சட்டத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முன்பே படித்திருக்க வேண்டும். சங்கத்தில் வக்கீல் தொழில் செய்யும் அன்பர் ஒருவர் பல இடங்களில் என்னைத் திருத்தினார்.

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, உட்கொண்டவருக்கான தண்டனையைச் சொல்கிறது. ஹெராயின், கொக்கெயின், மார்பியா போன்றவையானால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கஞ்சா போன்ற மற்றவற்றுக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்த 'அல்லது' என்ற சொல்லில்தான் நம் பிள்ளைகள் இடறி விழுகிறார்கள். சிறைக்குப் போகாமல் அபராதத்தோடு வெளியே வந்துவிட்டால், ரயிலில் டிக்கெட் இல்லாமல் வந்தவன் பரிசோதகரிடம் பணம் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு போவது போல எண்ணிக்கொள்கிறார்கள். கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் அப்படிப்பட்டதன்று. அங்கே நீதிபதி முதலில் குற்றவாளி என்று தீர்மானிக்கிறார். பிறகே அபராதம் விதிக்கிறார். ஆகவே பாரத்தில் அபராதக் கட்டத்துக்கும் ஆம், தீர்ப்புக் கட்டத்துக்கும் ஆம். முதல் நாளே பிடித்து வைத்திருந்தால் கைதுக் கட்டத்துக்கும் ஆம். அவசரமாக ஒப்புக்கொண்டு ஓடிவருமுன் ஒரு வக்கீலைக் கேட்டிருந்தால் வேறு வழியும் இருந்திருக்கும். இந்தச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெறும் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நன்னடத்தை ஜாமீனில் விடும் சலுகை கிடையாது. ஆனால் 27-ஆம் பிரிவின் கீழ் வருபவருக்கு அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தை ஜாமீன் சட்டப்படி விடப்பட்டவரை, தீர்ப்பால் வரக்கூடிய தகுதிக் குறைவு பற்றாது என்று அதன் 12-ஆம் பிரிவு கூறுகிறது. அதனால் பாரத்தில் உள்ளதைச் சொல்லாமலிருக்க உரிமை உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. 18 வயது நிரம்பாதபோது நடந்ததற்குப் பொதுவாகத் தகுதிக் குறைவு ஒட்டாது என்பதை 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது.

நண்பனுக்காகப் பொட்டலத்தை வாங்கிக் கொடுப்பதும் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் இந்த 27-ஆம் பிரிவுக்குள் வருவன அல்ல. அவற்றுக்குரிய பிரிவுகள் வேறு; தண்டனையும் அளவைப் பொறுத்து ஏறிக்கொண்டே போகும். 'எனக்கு வாங்கவில்லை, அவனுக்குத்தான் வாங்கினேன்' என்று போலீசாரிடம் அப்பாவித்தனமாகச் சொல்லும் பிள்ளை, தன்னைப் பெரிய குற்றத்துக்குள் தானே தள்ளிக்கொள்கிறான்.

ஹோலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்கே பாங்கு கலந்த தண்டாயைப் பண்டிகைப் பானமாகக் குடிக்கிறார்கள். பாங்கு என்பது அந்தச் செடியின் இலை, பூக்கொத்துதான் கஞ்சா. மத்தியச் சட்டத்தின் கஞ்சா இலக்கணத்தில் தனித்த இலை சேராது; அதை ஆளுவது மாநிலச் சட்டம். உத்தரப் பிரதேசத்தில் லைசென்சு பெற்ற பாங்குக் கடைகளே உண்டு. ஆனால் ஒரு மாநிலத்தில் கடையில் விற்பதை அடுத்த மாநிலத்துக்கு எடுத்துக்கொண்டு வராதீர்கள். நம் தாய்மார்கள் ஹோலியன்று பிள்ளையை அறைக்குள் பூட்டிவைப்பதற்கும் அவசியமில்லை.

இனிக் கோர்ட்டுகள் என்ன சொல்லியிருக்கின்றன என்பது. 2011-இல் டில்லிப் போலீசில் வேலை கேட்டவர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. இளவயதில் ஏற்பட்ட அடிதடி வழக்கு ஒன்றை அவர் தொடக்கத்தில் தெரிவிக்கவில்லை. இளமையில் செய்யும் சிறு பிழைகளைப் பொறுக்க வேண்டும், ஆயுள் முழுதும் முத்திரை குத்தக் கூடாது என்று நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். தீர்ப்பில் விக்டர் ஹ்யூகோவின் ழான் வால்ழானையும் நினைவு கூர்ந்தார்கள். ரொட்டி திருடியதற்காகக் காலமெல்லாம் திருடன் என்று பெயர் சுமந்தவனல்லவா அவன்! 'ஏழை படும் பாடு' என்று நம்மவர்கள் படித்தும், 1950-இல் திரையில் பார்த்தும் கண்ணீர் விட்ட அதே கதைதான். டில்லிக் கோர்ட்டில் அவன் வந்து நிற்பான் என்று யார் கண்டார்கள்!

ஆனால் எல்லா நீதிபதிகளும் ஒன்றுபோல் தீர்ப்பளிக்கவில்லை. ஆகவே 2016 ஜூலையில் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்ந்து முறைகளை வகுத்தார்கள். இன்றைக்கும் அதுதான் அடிப்படை. சாரத்தை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். மறைக்கவோ திரிக்கவோ கூடாது. மறைத்தது சிறு குற்றமானால், முன்பே சொல்லியிருந்தாலும் வேலைக்குத் தடையாக இருந்திராது என்ற அளவினதானால், மேலதிகாரி அந்த மறைப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய குற்றமானால் நியமனத்தை ரத்து செய்யலாம். உண்மையைச் சொன்னவரையும் வேலையில் வைத்தே தீரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. நடத்தையைச் சீர்தூக்கிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. வேலையில் உறுதி செய்யப்பட்டுவிட்டவரை விசாரணை நடத்தாமல் நீக்கக் கூடாது. எந்தத் தகவலைப் பாரம் குறிப்பிட்டுக் கேட்கிறதோ அதைச் சொல்லாமலிருப்பதே மறைத்தலாகும். கேட்காததைச் சொல்லவில்லை என்று குற்றம் சாட்ட முடியாது.

கடைசியாகச் சொன்னதை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். வழக்கு எதுவும் இல்லாமல், என்றோ ஒரு நாள் தொட்டுவிட்டு விட்டுவிட்ட பிள்ளை, இந்தப் பாரத்தின் ஓரத்தில் தன் வாக்குமூலத்தை எழுதி வைக்கவேண்டியதில்லை. சில அன்பர்கள் நேர்மை மிகுதியால் பிள்ளையை அப்படி எழுதச் சொல்கிறார்கள். கேட்டதற்கு முழு உண்மை, கேட்காததற்கு மௌனம். அந்த மௌனம் பொய்யாகாது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் எல்லா இலாகாவின் பாரமும் ஒன்றல்ல. தன் கையில் உள்ள பாரம் என்ன கேட்கிறது என்பதை ஒவ்வொருவரும் வரிவரியாகப் படிக்க வேண்டும்.

கோர்ட்டுக்குப் போனால் ஜெயிக்கலாமே என்பீர்கள். ரயில்வே பாதுகாப்புப் படைக்குத் தேர்வான ஒருவரை, எப்.ஐ.ஆர். ஒன்றைச் சொல்லவில்லை என்று 2015 ஏப்ரலில் பயிற்சியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்த வழக்கிலிருந்து அவர் 2011-லேயே விடுதலையானவர். உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி சொன்னது 2022 மே மாதத்தில். ஏழு ஆண்டுகள்! இடைக்காலச் சம்பளமும் கிடையாது. அதே 2022 செப்டம்பரில் வந்த மற்றொரு தீர்ப்பு, சீருடைப் படைகளில் அளவுகோல் மற்ற வேலைகளைக் காட்டிலும் கடுமையாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டது. எங்கள் பையன் கோர்ட்டுக்குப் போகவில்லை. அண்ணாச்சி வீட்டை விற்கத் தயாராக இருந்தார், அவன் மறுத்துவிட்டான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சங்கத்து விலாசத்துக்கு இன்னொரு கடிதம் வந்தது. எழுதியவர் மகனை அமெரிக்காவில் படிக்கவைத்தவர். மகன் அந்நாட்டுப் பிரஜையாகிவிட்டான். பாதுகாப்பு இலாகாவுக்கு வேலை செய்யும் கம்பெனியில் இடம் கிடைத்திருக்கிறது. இரகசியக் காகிதங்களைக் கையாளச் சர்க்காரின் பாதுகாப்பு அனுமதி வேண்டும். "அவன் மாணவனாக இருந்தபோது அந்த மாநிலத்தில் சட்டப்படியே கடையில் விற்ற கஞ்சாவைச் சில தடவை உபயோகித்தானாம். இதை ஒரு பாரத்தில் எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா?" என்று கேட்டிருந்தார். அமெரிக்கா வரைக்கும் போகும் பேனா என்னுடையதன்று. எனினும் அந்நாட்டு விதிகள் எல்லோரும் படிக்கும்படி அச்சிட்டுக் கிடக்கின்றன, படித்துப் பார்த்தேன்.

அங்கே அந்தப் பாரத்துக்கு எஸ்.எப். 86 என்று பெயர். நம்முடையதற்கு நேர்மாறாக, அது வழக்கோடு நிற்காமல் பழக்கத்தையே கேட்கிறது: கடந்த 7 ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப் பொருளை உபயோகித்ததுண்டா என்று. முன்பே பாதுகாப்பு அனுமதி வைத்திருந்த காலத்தில் உபயோகித்ததுண்டா என்பதற்கோ ஆண்டு வரம்பே இல்லை. மாநிலம் அனுமதித்தாலும் மத்தியச் சட்டம் அனுமதிக்காத வரையில் அவர்கள் கணக்கில் அது சட்டவிரோதந்தான். ஆகவே கடிதம் எழுதிய அன்பரின் மகன் அதை எழுதித்தான் ஆகவேண்டும். எழுதினால் என்ன ஆகும்? 2017 ஜூன் முதல் அங்கே 13 அளவுகோல்களைக் கொண்டு ஆளை எடைபோடுகிறார்கள். போதைப் பொருள் அவற்றில் ஒன்று, நேர்மை இன்னொன்று. எவ்வளவு காலத்துக்கு முன்பு, எத்தனை தடவை, மறுபடியும் நேருமா, அந்தச் சிநேகிதத்தை விட்டானா, சிகிச்சை பெற்றானா, இனித் தொடமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டானா என்றெல்லாம் பார்த்து, மனிதனை முழுதாக வைத்து முடிவு செய்கிறார்கள். இன்றும் உபயோகிப்பவனுக்கும் அடிமையானவனுக்கும் அனுமதி கிடையாது என்று 2008-இல் சட்டமே வந்தது. பழைய கஞ்சாப் பழக்கம் கவனிக்கத்தக்கதே, ஆனால் அது ஒன்றே முடிவைத் தீர்மானிக்காது என்று அவர்களுடைய உளவுத் துறைத் தலைமை 2021 டிசம்பரில் எழுத்து மூலம் தெரிவித்தது. பாரத்தில் கையெழுத்திட்ட நாள் முதல் தொடவே கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. பொய் எழுதினாலோ அது தனிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை.

அந்தப் பாரத்தில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது. போதைப் பொருள் பற்றி இங்கே உண்மையாகச் சொல்வதை, உம்மீது பின்னால் நடக்கும் குற்ற வழக்கில் சாட்சியமாகக் கொள்ளமாட்டோம் என்று சர்க்கார் வாக்குக் கொடுத்திருக்கிறது. கேள்வியும் கேட்டு, பதில் சொல்பவனுக்குக் காப்பும் கொடுக்கிறார்கள். நம் பாரத்தில் எச்சரிக்கை மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உண்மை சொல்பவனுக்கு ஆறுதலாக ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு குமாஸ்தா இதைவிட அதிகம் சொல்லக் கூடாது.

ஆயினும் நம் சட்டமும் இரக்கமற்றதன்று. போதைக்கு அடிமையானவர், 27-ஆம் பிரிவின் குற்றத்துக்கோ சிறிய அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உட்பட்டவராக இருந்து, தாமாகவே முன்வந்து சர்க்கார் நடத்தும் அல்லது அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்குத் தொடர மாட்டார்கள். 64ஏ பிரிவு இதைச் சொல்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தக் காப்பும் போய்விடலாம். 14446 என்னும் எண்ணைச் சுற்றினால் சர்க்காரின் உதவித் தொடர்பு கிடைக்கும், காசு கிடையாது. 'ஆஸ்பத்திரிக்குப் போனால் சர்க்கார் வேலை கிடைக்காதே' என்று பிள்ளையை வீட்டுக்குள் ஒளித்துவைக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒளித்துவைத்த பிள்ளைதான் பின்னால் போலீஸ் நிலையத்தில் அகப்படுகிறான்.

சென்ற மாதம் வேறொரு வீட்டிலிருந்து தகப்பனும் மகனும் பாரத்தோடு வந்தார்கள். கதை ஏறக்குறைய அதே கதை. ஊர் வேறு, தொகை வேறு. தகப்பனார், "இல்லைன்னே போட்டுடலாமா தம்பி?" என்றார். நான் அவரைச் சற்று வெளியே உட்காரச் சொன்னேன். தகப்பன் எதிரில் பிள்ளையால் அந்தக் கட்டத்தை நிரப்ப முடியாது. இது என் அனுபவம். பையனிடம் 2018-இல் நடந்ததைச் சொன்னேன். அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான் என்பதையும் சொன்னேன். ஆம் என்று எழுதினால் வேலை கிடைக்கும் என்று அவனுக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. அவன் வெகுநேரம் பாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்று கட்டங்களில் ஆம் என்று எழுதினான். கோர்ட்டுத் தீர்ப்பின் அத்தாட்சி பெற்ற நகலை எழுதிக் கேட்டு வாங்கிவந்து இணைத்தோம். என்ன நடந்தது, எந்தத் தேதியில் முடிந்தது, அதன்பின் ஒன்றும் இல்லை என்பதை அரைப் பக்கத்தில் அவனே எழுதினான். அழுகையும் மன்னிப்பும் வேண்டாம், தேதிகள் போதும் என்றேன். எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைத்துக்கொண்டோம். அனுப்பிய பிறகு புதிதாக வழக்கு ஏதும் வந்தாலும் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பாரத்திலேயே இருப்பதையும் காட்டினேன்.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மூன்றாம் வீட்டுப் பையனிடம் காட்டினேன். இப்போது அவன் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வை பார்க்கிறான். ஞாயிறு தோறும் சங்க நூலகத்துக்கு வருவான். முழுதும் படித்தான். 'கெட்ட சகவாசத்தால் நேர்ந்தது' என்று நான் எழுதியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டான். "அண்ணே, அவங்க கெடுக்கலை. அன்றைக்குக் காசு கொடுத்து வாங்கினவன் நான்தான்" என்றான். மற்றவற்றை அப்படியே போடலாம் என்று சொல்லிவிட்டு, புத்தகம் ஒன்றை எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போனான்.

இரண்டாமவனின் பாரம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. போலீஸ்காரர் ஒருமுறை வீட்டுக்கு வந்து, அக்கம்பக்கத்தில் விசாரித்துவிட்டுப் போனார். இந்த இதழ் அச்சேறும் வரை உத்தரவு எதுவும் வரவில்லை.